புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் ஃபாரஸ்டர் டூ வீல் டிரைவ் ஆகிவிடுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். கானாடுகாத்தான் வீட்டில் பழைய செவர்லே ஃபாரஸ்டர் ஒன்று நிற்கிறது, ஐந்து கியர் மேனுவல், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஆல் வீல் டிரைவ். வருடத்தில் பாதி நாள் கார் செட்டை விட்டு வெளியே வருவதில்லை. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானபின் தெருமுனையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால், யாரோ பிரேக்கைப் பிடித்ததுபோல வண்டி திணறுகிறது, டயர் கிறீச்சிடுகிறது. பின்சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் டூ வீல் ஆகிவிடும், மைலேஜும் கூடும் என்கிறார் மெக்கானிக். கழற்றினால் வண்டி நகரவே நகராது என்கிறார் சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர். இதற்குள் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது: உங்களுக்கு வேண்டியது டூ வீல் டிரைவா, திணறாத வண்டியா? இரண்டுக்கும் வேலை வேறு, செலவு வேறு.

பெயர்தான் செவர்லே, உள்ளே இருப்பது முழுக்க சுபாரு. சுபாருவின் தாய் நிறுவனத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பங்கு இருந்த காலத்தில் வந்த வண்டி அது. இந்த மேனுவல் கியர்பாக்ஸில் எஞ்சின் விசை நேராக முன்சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்களைத் தாண்டிப் பின்கோடிவரை போய், அங்கே உட்கார்ந்திருக்கும் சென்டர் டிஃபரென்ஷியலுக்குள் நுழைகிறது. அது விசையை முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி என்று பிரிக்கிறது. முன்பாதி, வந்த வழியே திரும்புகிறது: கியர்கள் ஏறியிருக்கும் ஷாஃப்ட் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும், அதன் நடுவே ஓடும் பினியன் ஷாஃப்ட், முன் ஆக்சில்களை இயக்கும் பெரிய பல்சக்கரமான முன் கிரவுன் வீலைச் சுழற்றும். பின்பாதி இரண்டு பல்சக்கரங்கள் வழியாகக் கீழே இறங்கிப் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்குப் போகிறது. சென்டர் டிஃபரென்ஷியலோடு சேர்ந்தே ஒரு விஸ்கஸ் கப்ளிங்கும் உண்டு. மூடிய டப்பாவுக்குள் மெல்லிய தகடுகளும் சிலிக்கோன் திரவமும்தான் அது. முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழன்றால் அந்தத் திரவம் இழுத்துப் பிடிக்கும்.

இப்போது ஷாஃப்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டிஃபரென்ஷியலின் குணமே, எந்தப் பக்கம் சுமை குறைவோ அந்தப் பக்கம் சுழல்வதுதான். பின்பக்கம் சுமையே இல்லாமல் போனால் விசை முழுவதும் அங்கே வெறுமனே சுற்றித் தீரும். விஸ்கஸ் கப்ளிங் நல்ல நிலையில் இருந்தால் அது இழுக்கும் இழுப்பில் வண்டி சமதளத்தில் ஊர்ந்து போகும். ஏற்றத்தில் எஞ்சின் அலறுமே தவிர வண்டி ஏறாது. அந்த ஊர்தலிலேயே கப்ளிங் கொதித்துக் கெட்டுப்போகும். ஆகவே மைத்துனர் சொல்வது நல்ல கப்ளிங் உள்ள வண்டிக்கு ஏறக்குறையச் சரி.

மெக்கானிக் சொல்வதும் முழுப் பொய் இல்லை. உங்கள் அறிகுறிப்படி கப்ளிங் உள்ளே இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இறுகிய கப்ளிங், டிஃபரென்ஷியலைப் பூட்டியதற்குச் சமம்: திருப்பத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடாது, அதுதான் திணறல். அந்த நிலையில் ஷாஃப்டைக் கழற்றினால் வண்டி முன்சக்கர இழுவையில் ஓடத்தான் செய்யும், திணறலும் நின்றுவிடும். பார்ப்பவருக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் விசையை இப்போது சுமப்பது கெட்டுப்போன ஒரு பாகம். திரவம் ஆறியபோது ஒரு மாதிரி, சூடானபோது ஒரு மாதிரி அது பிடிக்கும். என்று நழுவும் என்று யாரும் சொல்ல முடியாது, திருமயம் தாண்டி நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் நழுவினால் எஞ்சின் ஓடும், வண்டி ஓடாது. இன்னொன்றும் உண்டு: இந்த நிலையில் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்திவிட்டுப் போக முடியாது. கப்ளிங் விட்டுக்கொடுத்தால் டிஃபரென்ஷியல் உள்ளுக்குள் சுழன்று வண்டி உருளும். ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் பிடிமானம்.

எதையும் கழற்றுமுன் டயர்களை அளந்துவிடுங்கள். இரண்டு டயர் மட்டும் புதிதாகப் போடும் பழக்கம்தான் இந்த வகை வண்டிகளில் கப்ளிங்கைக் கொல்வதில் முதலிடம். நான்குக்கும் ஒரே அளவு காற்றடித்து, ஒவ்வொரு டயரின் சுற்றளவையும் தையல்காரர் டேப்பால் நடுப்பட்டையில் சுற்றி அளந்து எழுதுங்கள். அதிகத்துக்கும் குறைச்சலுக்கும் உள்ள வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. போனால், நேர்ச்சாலையில்கூடக் கப்ளிங் ஓயாமல் உரசிக்கொண்டே வரும். புதுக் கப்ளிங் போட்டாலும் அதே கதிதான்.

அடுத்தது வட்டச் சோதனை. காரைக்குடியிலிருந்து திருமயம் போய் வந்த சூட்டோடு, காய்ந்த சிமெண்ட் தளத்தில் முதல் கியரில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். நெல் காயப்போடும் களம் இதற்கு அருமையான இடம். செம்மண் சரளையில் செய்து பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடாதீர்கள், சரளையில் டயர் சறுக்கிக் குற்றத்தை மறைத்துவிடும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது இல்லாத இழுப்பு, ஒடிக்க ஒடிக்க ஏறிக்கொண்டே வந்து, வண்டி துள்ளித் துள்ளிப் போனால் சந்தேகம் பலப்படுகிறது. டக் டக் என்ற ஒலி மட்டும் வந்து இழுப்பு இல்லையென்றால் அது முன் ஆக்சிலின் வெளி ஜாயிண்டாக இருக்கலாம். அதை சென்டர் டிஃபரென்ஷியல் தலையில் கட்டிவிடக் கூடாது.

உறுதிப்படுத்த ஜாக்கிச் சோதனை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒரே ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுங்கள். இரண்டு வீல்நட்டுக்கு நடுவே நீளமான கடப்பாரையோ பைப்போ கொடுத்துச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். நல்ல கப்ளிங் என்றால், பாகுக்குள் கரண்டி விட்டுக் கிண்டுவதுபோல ஒரே சீரான எதிர்ப்போடு மெதுவாகச் சுழலும். வேகமாகத் தள்ளினால் எதிர்ப்பு கூடும், விட்டால் குறையும். இறுகிப்போனது கல்போல நிற்கும். எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் திரவம் வெளியேறிவிட்டது என்று பொருள். ஆறிய நிலையில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் இறுகுவது சகஜம், அதனால் இரண்டு நிலையிலும் பார்க்க வேண்டும். இதை நேரில் செய்து பார்க்காமல், எழுத்தில் சொன்ன அறிகுறியை மட்டும் வைத்து ‘கப்ளிங்தான்’ என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியாது.

கப்ளிங்தான் என்று முடிவானால், என் பரிந்துரை அந்த சென்டர் டிஃபரென்ஷியலை மாற்றுவது; வண்டியை மாற்றி அமைப்பது அல்ல. கப்ளிங்கோடு சேர்ந்த ஒரே தொகுதியாக அது வரும், உள்ளே தனியாகப் பழுது பார்க்க ஒன்றுமில்லை. இந்தியாவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் விற்பனையை நிறுத்திவிட்டதால் இங்கே கேட்டு அலைவதில் பயன் குறைவு. ஆனால் இதே பாகம் சுபாரு பெயரில் வெளிநாடுகளில் கிடைக்கும். செட்டிநாட்டில் பாதி வீட்டுக்கு மலேசியா, சிங்கப்பூரில் ஆள் உண்டு, அந்த வழி உங்களுக்கும் இருக்கிறது. மலேசியாவில் பழைய வண்டிகளைப் பாதியாக அறுத்து விற்கும் வியாபாரமே உண்டு. ஆனால் பழைய உதிரிபாகத்தை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கட்டுப்பாடு இருக்கிறது, கஸ்டம்ஸில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், முடிந்தால் புதிதாகவே வாங்குங்கள். கிளட்ச் ஹௌசிங் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் டி.ஒய்.75 என்று தொடங்கும் கியர்பாக்ஸ் குறியீடு இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பி, அதற்குப் பொருந்துவதை மட்டும் வாங்க வேண்டும். ஃபாரஸ்டருக்கு உள்ளது எல்லாமே பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது.

பாகம் கிடைக்கவே இல்லை, அல்லது டூ வீல்தான் வேண்டும் என்றால் முறையாகச் செய்ய வழி இருக்கிறது. செய்ய வேண்டியது மூன்று: சென்டர் டிஃபரென்ஷியலைப் பூட்டுவது, பின்னுக்கு இறங்கும் பல்சக்கரத்தை எடுப்பது, ஷாஃப்ட் நுழையும் பின்வாயை அடைப்பது. மூன்றில் ஒன்றை விட்டாலும் வேலை அரைகுறைதான். டிஃபரென்ஷியலைப் பூட்டிவிட்டுப் பின்ஷாஃப்டை அப்படியே விடுவது எல்லாவற்றிலும் மோசம். இப்போது சூட்டில் மட்டும் வரும் திணறல் அப்புறம் எப்போதும் இருக்கும், கூடவே டயரும் கிரவுன் பினியனும் தேயும்.

இதற்கு முழு கியர்பாக்ஸையும் இறக்க வேண்டியதில்லை. ஆயிலை வடித்து, சைலன்ஸர் பைப்பையும் அதன் வெப்பத்தகட்டையும் விலக்கி, பின் டிஃபரென்ஷியல் ஃபிளாஞ்சில் நான்கு போல்ட், நடு பேரிங்கில் இரண்டு போல்ட் எடுத்தால் ஷாஃப்ட் பின்னுக்கு உருவி வந்துவிடும். கியர்பாக்ஸ் அடியில் ஜாக்கி கொடுத்து, பின் குறுக்குச்சட்டத்தையும் கியர் லீவர் இணைப்பையும் கழற்றிக் கொஞ்சம் இறக்கினால் பின்கேஸ்களைத் தனியாக எடுக்கலாம். கேஸை இழுக்கும்போது கியர் மாற்றும் கை உள்ளே செலக்டர் கம்பிகளில் மாட்டியிருக்கும். எந்தக் கியரில் எப்படி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அது காடியில் சரியாக விழாமல் போல்டை இறுக்கினால், எல்லாம் முடிந்தபின் கியர் விழாது, மறுபடி முதலிலிருந்து கழற்ற வேண்டும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), வாஷர் எது எங்கிருந்து வந்தது என்பதை ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி வைப்பது நல்லது.

பூட்டுவதற்கு இரண்டு வழி. ஒன்று, உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று வெல்டிங் வைத்துவிடுவது. மலிவானது, நம் ஊர்ப் பட்டறைகளில் உடனே செய்து தருவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. அந்தப் பல்சக்கரங்கள் மேற்பரப்பு கடினமாக்கிய எஃகு. சாதாரண ராடில் வைத்த வெல்டிங் ஆறும்போதே விரிசல் விடும். முன் டிஃபரென்ஷியலுக்கும் கியர்களுக்கும் ஒரே ஆயில்தான், உடைந்த துண்டு ஒன்று போதும், பாக்ஸ் முழுவதும் போகும். வைத்தே ஆக வேண்டும் என்றால் பாகத்தை முன்கூட்டிச் சூடாக்கி, டிக் வெல்டிங்கில் சுற்றிலும் ஆழமாக வைத்து, மணலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். விஸ்கஸ் கப்ளிங்கைப் பிரிக்காமல் மேலே வெல்டிங் வைப்பது ஆபத்து: மூடிய டப்பாவுக்குள் திரவம் சூடேறினால் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்.

இரண்டாவது வழி, டிஃபரென்ஷியல் இருந்த இடத்தில் ஒரே உருளையாக ஸ்பூல் கடைந்து போடுவது. வெளிக்குழாய் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) பெரியது, அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பினியன் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் சிறியது. இரண்டையும் ஒரே துண்டில் உள்பக்கமாக வெட்டி இணைப்பதுதான் ஸ்பூலின் வேலை. இரண்டு ஸ்ப்ளைனும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்கு மேல் விலகினால் பேரிங் இரையும். இஎன்-24 எஃகில் கடைந்து, ஸ்ப்ளைனை வயர்கட்டில் (மின்பொறியால் எஃகை அறுக்கும் இயந்திரம்) வெட்டி, கடைசியில் நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கும் நைட்ரைடிங் கொடுத்தால் போதும். கார்பன் ஏற்றிக் கடினமாக்கினால் பாகம் கோணிக்கொள்ளும், நைட்ரைடிங்கில் அந்தத் தொல்லை குறைவு. சாதாரண லேத் பட்டறையில் இது ஆகாது. திருச்சி துவாக்குடிப் பக்கமோ கோயம்புத்தூரிலோ வயர்கட் உள்ள இடத்துக்குப் பழைய சென்டர் டிஃபரென்ஷியலையே மாதிரியாகக் கொண்டுபோங்கள், அளவை எழுதிக் கொடுத்து ஏமாறாதீர்கள். ஸ்பூலின் நீளமும் பின்முனை பேரிங்கில் உட்காரும் விட்டமும் அசலோடு ஒத்திருக்க வேண்டும், ஆயில் போகும் துளைகள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

பின்னுக்கு இறக்கும் இரண்டு பல்சக்கரங்களில் கீழ்ச்சக்கரத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். மேல்சக்கரத்தை அதன் பேரிங்கோடு அங்கேயே விட்டால் பின்முனையின் இடைவெளி மாறாது. ஷாஃப்ட் நுழைந்த வாய்க்கு, ஆயில் சீல் உட்காரும் குழியின் அளவிலேயே அலுமினியத்தில் மூடி கடைந்து, ஓ-ரிங் போட்டு, வெளியே ஒரு பட்டையால் கேஸ் போல்டோடு பிடித்துவிட வேண்டும். ஷாஃப்டின் முன்துண்டை அறுத்துச் சொருகி வைப்பதும் துணியை அடைத்து அனபாண்ட் பசை பூசுவதும் பார்த்தாலே சிரிப்பு வரும் வேலைகள். கீழ்ச்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால் சொருகிய துண்டு ஒருநாள் கழன்று ரோட்டில் விழும், அதோடு ஆயிலும் போகும். ஆயில் 75-டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம், 3.5 லிட்டர். லோ ரேஞ்ச் லீவர் உள்ள பாக்ஸ் என்றால் 4 லிட்டர். கடைசியில் டிப்ஸ்டிக் சொல்வதுதான் கணக்கு.

பின்பக்க டிஃபரென்ஷியலையும் இரண்டு ஆக்சில்களையும் என்ன செய்வது? விட்டுவிடுங்கள். சக்கரத்தோடு சேர்ந்து சும்மா சுழலும், நஷ்டம் மிகக் குறைவு. அதற்குள் இருக்கும் 0.8 லிட்டர் ஆயிலை மட்டும் மறக்காமல் மாற்றிவர வேண்டும், ஏனென்றால் கிரவுனும் பினியனும் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். ‘அந்த வெயிட்டும் எதற்கு’ என்று ஆக்சிலைக் கழற்றச் சொல்லும் ஆள் வந்தால் இதை மட்டும் சொல்லுங்கள்: பின் ஹப் பேரிங்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்திருப்பதே ஆக்சிலின் வெளி ஜாயிண்ட் முனையும் அதன் 32 நம்பர் நட்டும்தான். ஆக்சிலை மொத்தமாக உருவிவிட்டு ஓட்டினால் பேரிங் விலகி, கடைசியில் சக்கரமே தனியாகப் போகும். எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெளி ஜாயிண்டைப் பிரித்து அதன் முனைத்துண்டை மட்டும் ஹப்பில் திரும்பப் போட்டு, மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) நட்டை முறுக்க வேண்டும். இந்த ஒரு தவறு மட்டும் பணத்தோடு போகாது, உயிருக்கே ஆபத்து.

மாற்றியபின் வண்டியின் குணம் மாறும். இதுவரை முன் கிரவுன் பினியனும் முன் ஆக்சில்களும் சுமந்தது சாதாரணமாகப் பாதி விசை, இனி முழுவதும். நிதானமாக ஓட்டினால் தாங்கும். கிளட்சைப் படக்கென்று விட்டுக் கிளப்பினாலோ, மாட்டிக்கொண்ட வண்டியை ஆக்சிலரேட்டர் மிதித்தே மேலே ஏற்றப் பார்த்தாலோ பினியன் பல் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்க்கரை மண்ரோட்டில் இறங்கும் பழக்கம் இருந்தால் முன்சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். மைலேஜ் பற்றிப் பெரிதாகக் கனவு காண வேண்டாம். நல்ல நிலையில் இருந்த ஆல் வீல் டிரைவை மாற்றி, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடினாலே பெரிது. மாற்றியபின் மைலேஜ் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் கூடினால், முன்பு இறுகிய கப்ளிங்கும் பொருந்தாத டயரும் தின்ற பெட்ரோல்தான் திரும்பி வருகிறது.

இதைப் படிக்கும் மற்ற வண்டிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டஸ்டர் ஆல் வீல், எக்ஸ்யூவி 500 ஆல் வீல், பழைய சிஆர்வி போன்றவற்றில் முன்சக்கரத்துக்கு விசை எப்போதும் நேராகவே போகிறது, பின்சக்கரத்தை ஒரு கிளட்ச்தான் தேவைப்படும்போது சேர்க்கிறது. அங்கே ஷாஃப்டைக் கழற்றினாலும் வண்டி ஓடும். தொல்லை ஆயில் சீலிலும், எலக்ட்ரானிக்ஸ் உள்ளவற்றில் எரியும் எச்சரிக்கை விளக்குகளிலும்தான். ஜிப்சி, தார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, லீவரை இரு சக்கர நிலையான 2எச்-இல் வைத்தால் போதும். ஆட்டோமேட்டிக் ஃபாரஸ்டர் வெளிநாட்டில் வைத்திருப்பவர்களுக்கும் வேறு கதை: நான்கு கியர் ஆட்டோவில் பானட்டுக்கு அடியில் எஃப்டபிள்யூடி (முன்சக்கர இழுவை) என்று எழுதிய காலி ஃபியூஸ் இடம் இருக்கும், அதில் ஃபியூஸ் போட்டால் பின் கிளட்ச் விட்டுவிடும். சோதனைக்கும் தற்காலிகத்துக்கும்தான் அது.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. உங்கள் ஆர்சியில் மாடல் பெயரோடு ஆல் வீல் என்று பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே இந்த வேலை அதற்குள் வருமா என்பது. அதை நானோ மெக்கானிக்கோ சொல்ல முடியாது. வண்டிக்கு 15 வருடம் தாண்டிவிட்டதால் பதிவைப் புதுப்பிக்க எப்படியும் காரைக்குடி மோட்டார் வாகன அலுவலகத்துக்குப் போகத்தான் வேண்டும், அப்போது எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுத்து வைப்பது நல்லது.

எந்த வழியில் போனாலும் முதல் 500 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, ஆயிலை வடித்து, வடிகால் போல்டின் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். கருநிறக் குழம்புபோல நைசாக ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். நகக்கண் அளவில் மினுங்கும் செதில் ஒன்று கிடைத்தாலும் வண்டியை அங்கேயே நிறுத்திப் பின்கேஸை மறுபடி திறக்க வேண்டும்.